கேடியமும் கரிமேல் தெரிந்த மயில் நிறமும்

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன நாட்கள் அதிகம். பேனாவை எடுப்பேன், விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டது என்று மூடி வைத்துவிடுவேன். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. எரிகிற கற்பூரத்தின் மேல் கையை நீட்டி, பட்டறைச் சங்கதியை வெளியில் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். சத்தியம் வாங்கியவரே பிறகு அதைத் தளர்த்திவிட்டார். ஆனாலும் வாயால் நாலு பேரிடம் சொல்வதும் அச்சில் வருவதும் ஒன்றாகுமா என்று பயந்தேன். அவர் குடும்பத்துக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்றும் யோசித்தேன்.

போன மாதம் கோமதி வீட்டுக்கு வந்தாள். நான் வேலையிலிருந்து நின்றபின், கொலுசுப் பட்டறையில் என் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள்.

“பெரீம்மா, கொலுசுக் கண்ணி பத்தவெக்க இப்ப வர்ற பொடி ஓடவே மாட்டேங்குதுங்க. கண்ணி எளகிப் போற அளவுக்குத் தீயக் காட்ட வேண்டியிருக்குது. அப்பத்த பொடியெல்லாம் தண்ணியாட்டம் ஓடுமாமா? அலமாரிக்குள்ள பழைய கேடியம் குச்சி கொஞ்சம் கெடக்குது. அதுல ஒண்ணப் போட்டு உருக்கிக்கட்டுங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதத் தொட்டியா சாமி?”

“அரிவாமனைல வெச்சுப் பாத்தேனுங்க. கேரட்டாட்டம் நறுக்குது!” என்று சிரித்தாள்.

அவளை உட்காரவைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்தவள், “இத எழுதி வெச்சீங்கன்னா என்னங்க? நான் ஒருத்தி கேட்டு என்னாவறது?” என்றாள். அன்று சாயங்காலமே பாவாயி அக்காவைப் போய்ப் பார்த்தேன். அவர்தான் எங்கள் மேஸ்திரியின் மனைவி. மேஸ்திரி இப்போது இல்லை. அக்கா, “எழுது சாமி. நடந்தத நடந்தபடி எழுது” என்றார். அதன்பிறகே இதைத் தொடங்கினேன்.

என் பெயர் சரஸ்வதி. பட்டறையில் சரசு. எட்டாவது வரை படித்தேன். எடப்பாடிப் பக்கம் பிறந்து, சேலத்துக்கு மேற்கே சிவதாபுரத்தில் வாக்கப்பட்டேன். வீட்டுக்காரர் தறி ஓட்டினார். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைதான். இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நாச்சிமுத்து மேஸ்திரியின் பட்டறையில் சேர்ந்தேன். கண்ணி கோக்கவும் முத்து கட்டவும் பிறகு ஊதவும் கற்றுக்கொண்டேன். கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன். எல்லோரும் அப்படித்தான்.

ஊதுவது என்றால் பற்ற வைப்பது. ஒரு கொலுசில் எத்தனையோ இணைப்பு. ஒவ்வொன்றிலும் வெங்காரம் என்கிற உப்பைக் குழைத்துத் தடவி, அதன்மேல் பொடியைத் தூவி, நெருப்பைக் காட்ட வேண்டும். பொடி உருகி இடுக்கில் ஓடி இரண்டு கண்ணியையும் பிடித்துக்கொள்ளும். பொடியும் வெள்ளி கலந்ததுதான். ஆனால் கொலுசு வெள்ளி இளகுவதற்கு முன்னால் அது உருகியாக வேண்டும். அது பிந்தினால் கொலுசே கூழாகிவிடும். அப்படி முந்திக்கொண்டு உருகுவதற்காகத்தான் செம்பு, துத்தநாகம், கேடியம் என்று சேர்ப்பார்கள். புத்தகத்தில் காட்மியம் என்று போட்டிருக்கும். எங்கள் வாயில் கேடியம். எந்தப் பட்டறையில் எதை எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பது அந்தந்தப் பட்டறைக்காரர் மட்டும் அறிந்த விஷயம். நாச்சிமுத்து மேஸ்திரியின் பொடி ஓடுவதுபோல ஊரில் வேறு எவருடைய பொடியும் ஓடாது. ஊதி முடித்தால் பற்ற வைத்த இடமே தெரியாமல் வெள்ளையாக நிற்கும். வியாபாரிகள் எங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

மேஸ்திரி ஒல்லியான மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலையில் பிசகு இருந்தால் கொலுசை நம் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். எங்கே பிசகு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துக் காட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். திட்டு வாங்குவதே தேவலை என்றிருக்கும். காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றி, அந்த விளக்கிலிருந்துதான் அன்றைய முதல் நெருப்பை எடுப்பார். சாயங்காலம் எல்லோரும் துணியை உதறிவிட்டுப் போக வேண்டும். கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்ட விடமாட்டார். அடியில் வெள்ளித்தூள் தங்கும்.

பட்டறையில் மின்விசிறி கிடையாது. ஜன்னல் திறப்பதும் கிடையாது. காற்றடித்தால் தீ சாய்ந்துவிடும், பொடி பறந்துவிடும். ஒரு கோடையில் நான் ஜன்னல் கொக்கியில் கை வைத்தபோது, “மகாலட்சுமிய வெளிய தொரத்தாத சாமி” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பொடிக்கான உருக்கு வேலை பின்னால் ஒரு சின்ன அறையில் நடக்கும். முருகன் படமும் அங்கேதான். அதற்குள் போக அனுமதி உள்ளவர் இருவர்தான், மேஸ்திரியும் நானும். நான் அதிகம் பேசாதவள், அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார். அராவி அராவிப் பொடியாக்குகிற மாரியப்பன் அண்ணன் இதைச் சொல்லியே என்னைச் சீண்டுவார். “சரசு வாயில வெங்காரத்தத் தடவி மேஸ்திரியே ஊதி அடச்சுட்டாருங்க. இனி தட்டுனாலும் தொறக்காது!”

அந்த அறைக்குள் போகும் முதல் நாள்தான் கற்பூரம் ஏற்றினார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவரிடம் அதே போல வாங்கிய சத்தியமாம். அந்த அறைக்கு வெளியே யாரிடமும் கலவையைச் சொல்வதில்லை. நான் கையை நீட்டிச் செய்தேன்.

என் வேலை கேடியத்தை நறுக்கித் தருவது. குச்சியாக வரும். துத்தநாகத்தையும் கேடியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதியவருக்கு அடையாளம் தெரியாது. இரண்டும் லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை. கையில் எடுத்தால் தெரிந்துவிடும், கேடியம் கொஞ்சம் கனம். துத்தநாகம் வளையாது, அடித்தால் உடையும். கேடியம் விரலுக்கே வளைந்துகொடுக்கும். வளைக்கும்போது காதருகில் வைத்துக் கேட்டால் உள்ளே எதுவோ மெல்ல முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது கீழே போட்டுவிட்டேன். அரிவாள்மனையில் வைத்து அழுத்தினால் நறுக்கென்று இறங்கும். நறுக்கிய முகம் கண்ணாடிபோல் பளபளக்கும், சில நாளில் பனி படிந்த மாதிரி மங்கும். அந்த அரிவாள்மனையில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார் மேஸ்திரி. “இது சமையக்கட்டுக்கு ஆகாது” என்பார். ஏன் ஆகாது என்று அவர் சொன்னதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெள்ளியும் செம்பும் மூசையில், அதாவது உருக்குகிற மண் கிண்ணத்தில், தளதளவென்று நிற்கும். அதன்பிறகு தீயைத் தணித்து, கடைசியில்தான் கேடியம் போக வேண்டும். முதலிலேயே போட்டால் மூசையில் தங்காது, பறந்துவிடும். எங்கே பறக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நறுக்கிய துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி இடுக்கியில் பிடித்துக்கொண்டு, “நீ போ சாமி” என்பார். நான் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். சற்று நேரத்தில் கதவிடுக்கு வழியாகக் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு மெல்லிய புகை தெரியும். நாற்றம் எதுவும் இருக்காது. கண்ணும் எரியாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல கேடியமா என்று பார்க்க, ஒரு துண்டைக் கரியின் மேல் வைத்துக் குழலால் தீயை ஊதுவார். துண்டு உருகி உருண்டையாகி ஆடும். அதைச் சுற்றிக் கரியின்மேல் செம்பழுப்பாக ஒரு படலம் படியும். அதன் ஓரத்தில் பச்சையும் நீலமும் ஊதாவும் கலந்து மயில்தோகை மாதிரி மின்னும். அவ்வளவு அழகு. முருகன் படத்துக்கு முன்னால் மயில் நிறம் தெரிந்தால் எங்கள் மனசு என்ன நினைக்கும்? மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்தக் கரியைப் படத்துக்கு அடியில் வைப்பார். நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். எங்களைப்போல் வேறு யாராவது இப்படிச் செய்திருப்பார்களா, தெரியவில்லை.

எங்களுக்குப் பழகிப்போன இன்னொன்று திங்கட்கிழமைக் காய்ச்சல். துத்தநாகம், பித்தளை எல்லாம் உருக்கிய அன்று ராத்திரி குளிர் எடுக்கும், கை கால் உளையும், வாயெல்லாம் இனிப்பும் கசப்பும் கலந்த மாதிரி இருக்கும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. லீவு முடிந்து வேலைக்கு வருகிற அன்றுதான் அதிகம் வரும், அதனால் அந்தப் பெயர். கருப்பட்டிக் காப்பி குடித்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் சரி. அந்தக் காய்ச்சல் வராதவன் தொழில்காரனே இல்லை என்று மாரியப்பன் அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

ஒரு வருஷம் ஆடி மாதம். சேலத்தில் மாரியம்மன் பண்டிகை, பட்டறையில் தலைக்கு மேல் வேலை. இருந்த பொடி தீர்ந்துவிட்டது. வெளியே ஆடிக் காற்று ஓட்டைத் தூக்குகிறது. மேஸ்திரி ஒரே தடவையில் நிறைய உருக்கிவிடலாம் என்று பெரிய மூசையாக வைத்தார். காற்று உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல் சந்தில் துணியை அடைத்து, கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைத் திணித்தார். நான் வழக்கத்தைவிட அதிகமாகக் கேடியம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவசரத்தில் தீ தணிவதற்கு முன்பே போட்டிருக்கிறார். அதைப் பிறகு அவரே சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முடி, மீசை எல்லாம் பழுப்பாக இருந்தது.

“ஏனுங்க மேஸ்திரி, மீசைக்கு மருதாணி போட்டுட்டீங்களா?” என்றார் மாரியப்பன் அண்ணன். மேஸ்திரியே சிரித்துவிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். சாயங்காலம் வரை வேலை பார்த்தார்.

இருட்டியதும் குளிர் எடுத்திருக்கிறது. பாவாயி அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமைக் காய்ச்சல்தானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது, ஆனால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. மார்மேல் அம்மிக்கல்லை வைத்தாற்போல இருக்கிறது என்றார். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அதற்கடுத்த நாள் படுக்கவே முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருந்தார். காரில் போட்டு டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சின்ன வயது. பரமத்தி வேலூர்க்காரர். படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலருகில் வந்தார். சேதி கேட்டு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்த பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

“அய்யா, நெஞ்சு ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்குதுங்க. நிமோனியா மாதிரிதான் தெரியுது. ஆனா சளியே இல்ல, ஆரம்பிச்ச விதமும் வேற மாதிரி இருக்குது. ஏதாச்சும் புகை பட்டீங்களா? என்ன உருக்குனீங்க?”

“வெள்ளிங்க.”

“வெள்ளியோட வேற?”

மேஸ்திரி அந்த இரண்டு பேரையும் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன வரும்னு நான் தயாரா இருக்க முடியும்.”

மறுபடியும் தலையாட்டல். அதோடு விடவில்லை அவர். பாவாயி அக்காவின் கையைப் பிடித்து, “ஊட்டுக்குப் போலாம். பண்டிக வேல கெடக்குது. நாளைக்குச் செரியாயிரும்” என்று திக்கித் திக்கிச் சொன்னார். பட்டறைக்காரர்களில் ஒருவர், “ஆமாங்கம்மா, எங்களுக்கெல்லாம் வர்ற காச்சல்தானுங்க இது” என்று ஒத்துப் பாடினார்.

டாக்டரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “கூட்டிட்டுப் போனா வழிலயே எதுவும் ஆகலாம். நான் அனுப்ப மாட்டேன். அதையும் மீறிப் போறதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார். மேஸ்திரி பேனாவுக்குக் கையை நீட்டிக் காட்டினார்.

பாவாயி அக்கா என்னை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

“சரசு, உள்ள என்ன வெச்சு உருக்குனாரு? உனக்குத் தெரியும்.”

“அக்கா, கற்பூரத்து மேல கைய வெச்சிருக்கறனுங்க…”

“கற்பூரம் அன்னிக்கே எரிஞ்சு போச்சு. இந்த மனுசன் இங்க கெடக்கறான்.”

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிமிஷத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பயம் அவர்மேல் இல்லை. சாமிமேல். “அக்கா, அவரப் போக விடாதீங்க. இப்ப வாரேன்” என்று சொல்லி, அக்கா இடுப்பிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பட்டறைக்கு வந்தேன்.

பின்னறைக் கதவைத் திறந்தேன். மூன்று நாளாக யாரும் உள்ளே போகவில்லை. சுவர், மூசை, இடுக்கி, மாடத்து விளக்கு எல்லாவற்றின்மேலும் பழுப்பாக மாவுபோல் படிந்திருந்தது. முருகன் படத்தின் கண்ணாடிமேலும் அதே பழுப்பு, உள்ளே முகமே தெரியவில்லை. திருநீற்றுத் தட்டில் இருந்த திருநீறும் வெள்ளையாக இல்லை. அடுப்பைச் சுற்றிக் கிடந்த கரித்துண்டுகளில் எல்லாம் மயில் நிறம். ஒரு துண்டில் தெரிந்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அன்று அறை முழுக்க மயில் நிறம். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. கேடியம் பறந்துவிடும் பறந்துவிடும் என்பாரே, பறந்து இங்கேதான் வந்திருக்கிறது, இதைத்தான் மனிதர் மூச்சாக இழுத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியை முந்தானையால் ஒரு தடவை துடைத்தேன். “முருகா, நான் சொல்லப்போறேன். கோபமிருந்தா என்மேல காட்டு” என்று சொல்லிவிட்டு, ஒரு குச்சியையும் ஒரு கரித்துண்டையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் மேஜைமேல் பொட்டலத்தை வைத்தேன். “இதானுங்கம்மா. துத்தநாகமும் உண்டுங்க. ஆனா அன்னைக்கு அதிகம் போட்டது இது. இதுக்குப் பேரு கேடியம்.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “காட்மியமா? மூடின அறையிலயா உருக்குனாரு?”

“சாக்கு வெச்சு அடச்சிருந்தோமுங்க.”

“நீங்க இப்ப அந்த அறைக்குள்ள போனீங்களா? எதையாவது தட்டுனீங்களா, கூட்டுனீங்களா?”

“சாமி படத்த மட்டும் தொடச்சனுங்க.”

“மொதல்ல போயி கையும் மூஞ்சியும் நல்லாக் கழுவுங்க. ஊட்டுக்குப் போனதும் அந்தச் சேலைய மாத்தித் தனியா அலசுங்க. அந்த அறைய யாரும் வெளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது.” அப்படியே நர்சைக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னார். நான் திரும்பி வருவதற்குள் மேஸ்திரியை வேறு அறைக்கு மாற்றி, முகத்தில் ஆக்சிஜன் மூடியைப் போட்டிருந்தார்கள். அவருடைய பேனாவும் கையெழுத்தும் நடக்கவில்லை. பாவாயி அக்கா அவர் வலது கையைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா அக்காவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். “வெள்ளி உருகற சூடு வர்றதுக்கு முன்னாடியே காட்மியம் கொதிச்சு ஆவியாயிருமுங்க. காத்துல பட்டதும் ரொம்ப நைசான தூளாயிரும். நெஞ்சோட அடிவரைக்கும் போயிரும். வாசம் கெடையாது, எரிச்சல் கெடையாது, அதனால மூக்குக்குத் தெரியாது. அரைநாள் கழிச்சுத்தான் ஒடம்பு காட்டும். துத்தநாகக் காச்சலும் இதும் மொத ராத்திரி அக்கா தங்கச்சி மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். அது மறுநாள் போயிரும். இது அப்பத்தான் நெஞ்சுல உக்காரும்.”

“மருந்து இருக்குதுங்களா?” என்றார் அக்கா.

“இதுக்குன்னே தனியா மருந்து இல்லீங்க. மூச்ச நாம தாங்கிப் பிடிக்கணும், ஒடம்பு தானா மீளணும். ஊட்டுக்குப் போயிருந்தா தாங்கிப் பிடிக்க ஆளிருக்காது. சிறுநீரகத்தையும் பாத்துட்டே இருக்கணும். உள்ள போனது லேசுல வெளிய வராது.”

அந்த வாரம் முழுக்க வேண்டாத தெய்வம் இல்லை. சில நாள் அவர் மூச்சு எங்கள் கண் முன்னால் போகப் பார்த்தது. பண்டிகைக்கு ஊரே மாரியம்மன் கோயிலுக்குப் போனது. நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே திசை பார்த்துக் கும்பிட்டோம். பிறகு மெல்ல மெல்ல மூச்சு நிதானத்துக்கு வந்தது. மூடியை எடுத்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, “யாரு சொன்னது?”

“நாந்தானுங்க மேஸ்திரி.”

கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, வீடு திரும்பிய பிறகும் பேசவில்லை. பிசகு செய்தால் பக்கத்தில் நிற்பாரே, அப்படிக்கூட வந்து நிற்கவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். வேலை போவது பெரிதில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்தார். கையில் கற்பூரம். தெருவில் இருந்த பட்டறைக்காரர்களையும் வரச்சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் நின்ற அந்த இரண்டு பேரும் வந்தார்கள். ஈரத்துணியால் துடைத்து முன்பக்கம் கொண்டுவந்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் தட்டை வைத்து ஏற்றினார். பேச மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். கலவையில் என்னென்ன, எது எவ்வளவு, எந்தச் சூட்டில் எது போக வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். வெள்ளியின் சூட்டில் கேடியம் என்ன ஆகிறது என்பதையும் டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொன்னார். பிறகு, “இதக் கேட்ட யாரும் மறைக்கறதில்லைன்னு கையை வைங்க” என்றார்.

மாரியப்பன் அண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். “ஏனுங்க மேஸ்திரி, சொல்லக் கூடாதுன்னு ஒரு சத்தியம், இப்பச் சொல்லோணும்னு ஒரு சத்தியம். சாமி எதைத்தான் வெச்சுக்கும்?”

“ரெண்டையும் என் தலைல போட்டுக்கட்டும்” என்றார் மேஸ்திரி. என்னைப் பார்த்து, “நீ மொதல்ல வா சாமி” என்றார்.

கையை நீட்டினேன். கற்பூரத்தின் சூடு உள்ளங்கையில் பட்டது. அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு பின்னறைச் சுவரை இடித்து வெளிப்பக்கம் புகைபோக்கி வைத்தார்கள். பட்டறை ஜன்னல்களைத் திறந்து, ஈரத்துணித் திரை போட்டார்கள். கொஞ்சம் வெள்ளித்தூள் காற்றோடு போகத்தான் செய்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. கேடியத்தை எங்கள் பட்டறையில் விட்டோம். பிறகு ஊரில் பலரும் விட்டார்கள். எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கேடியம் இல்லாத பொடி ஓடுவதற்கு அதிக நேரம் பிடிக்கும், கைப்பக்குவமும் அதிகம் வேண்டும். கோமதி சொன்ன குறை உண்மைதான். அது குறையாகவே இருக்கட்டும்.

மேஸ்திரி அதன்பின் பல வருஷம் இருந்தார். குழல் ஊதும் மூச்சு திரும்பவில்லை. திருச்செங்கோட்டு மலைக்குப் போனால் எங்களை ஏறச் சொல்லிவிட்டு அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இறங்கி வந்து கொடுக்கும் திருநீற்றைப் பூசுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், வெள்ளையாக இருக்கிறதா என்று.

கோமதியிடம் அந்தக் குச்சிகளை டப்பாவில் போட்டு மூடி, விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டாள்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி, தங்கம் ஊதுகிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். மாற்றாமல் சொல்லுங்கள். புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் கதையே என்னிடம் திரும்பி வந்தது. யாரோ ஓர் அம்மாள் சொன்னார், சேலத்தில் ஒரு மேஸ்திரி கேடியப் புகை பட்டு, மோர் குடித்துப் பிழைத்தாராம், மயில் நிறம் காட்டி முருகன் காப்பாற்றினானாம். நாளைக்கு யாராவது மோரைக் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பார்களே! முருகன் காப்பாற்றினான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பரமத்தி வேலூர் டாக்டரம்மாவின் கையாலும் ஆக்சிஜன் குழாயாலும் காப்பாற்றினான். இதில் மோரைச் சேர்க்காதீர்கள். மறுநாளும் மூச்சு முட்டினால் அது திங்கட்கிழமைக் காய்ச்சல் இல்லை என்பதை விட்டுவிடாதீர்கள். மூசையில் என்ன இருந்தது என்று டாக்டரிடம் பெயரோடு சொல்ல வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கரிமேல் மயில் நிறம் தெரிந்தால் கும்பிடுங்கள். கும்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.